பழைய கதவும் புதிய மனையும்

புதுவீடு கட்டுவோர் காரைக்குடிக்குச் சென்று, முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் நிலைக்கதவும் தூணும் வாங்கி வந்து கூடத்தை அலங்கரிப்பது நம் பகுதியிலும் தொடங்கியிருக்கிறது. "காட்டில் மரம் வெட்டாமலே மரம் வாங்கினோம் சுவாமி, இதில் பாவம் ஏது?" என்று ஓர் அன்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே. விடைதான் அவர் நினைப்பதுபோல் அத்தனை சுலபமன்று.

அந்தக் கதவு எங்கிருந்து வந்தது? 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், பர்மாவில் வட்டித்தொழில் செய்த நகரத்தார் அந்நாட்டுத் தேக்கைக் கப்பலேற்றிக் கொணர்ந்து செட்டிநாட்டில் மாளிகைகள் எழுப்பினர். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோதும், பின்னர் அந்நாடு விடுதலை பெற்று நிலங்களை அரசுடைமையாக்கியபோதும் அச்செல்வம் வற்றிப்போயிற்று. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஓடு மாற்ற ஒருவருக்குப் பணமில்லை, மற்றவருக்கு மனமில்லை. மழைநீர் இறங்குகிறது. கடைசியில் வீடு விலைபேசப்படுகிறது. அதுவும் வீடாக அல்ல, தூணாக, உத்தரமாக, கதவாக.

தானே இடிந்த வீட்டின் மரத்தை எடுத்து வாழவைப்பதில் யாதொரு குற்றமுமில்லை. ஆனால் மரத்துக்கு நல்ல விலை கிடைக்கிறது என்ற ஒரே காரணத்தால் நிற்கிற வீட்டை இடிப்பார்களாயின், அந்த விலையைக் கொடுப்பவர் யார்? இடித்தவன் நானல்லேன் என்று வாங்குகிறவர் சொல்லலாம். எனினும் இடித்தவனின் கூலி அவர் பணப்பையிலிருந்தே போகிறது. ஐயுற இடமிருந்தும் விசாரியாமல் வாங்குகிறவன் அக்குற்றத்தில் பங்காளியாகிறான். ஆகையால் எந்த ஊர் வீடு, ஏன் இடித்தார்கள், பங்காளிகள் எல்லாரும் சம்மதித்தார்களா என்று கேளுங்கள். விலைக்காக அரைமணி நேரம் வாதாடுகிற நமக்கு இதற்கு ஒரு நிமிடம் கிடையாதா? பதில் மழுப்பலாக வந்தால் கதவை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அப்படியானால் புதுத்தேக்கே வாங்கிவிடலாமே என்பர் சிலர். அதுவும் மாசற்றதன்று. தேக்கு நன்றாக முற்றுவதற்கு ஒரு மனித ஆயுள் வேண்டும். மியான்மர் அரசே 2014-ல் அறுக்காத மரத்தின் ஏற்றுமதியை நிறுத்தியது. 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின்மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. நேர்மையாகக் கிடைத்த பழைய மரமே மேல் என்பது என் கருத்து. எண்ணெய்ப்பசை மிகுந்த அதன் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது.

வாங்கியபின், கதவு கதவாகவே நிற்கட்டும். மூன்று தலைமுறை திறந்து மூடிய கதவை அறுத்து, உணவகத்து மேசையாக்கி, மேலே கண்ணாடி பரப்பிவைப்பதைக் காண மனம் கூசுகிறது. (உள்ளிருக்கும் ஆணியைப் பாராமல் அறுத்தால் ரம்பப் பல்லும் போய்விடும்.) சென்னையருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீடொன்றைப் பெயர்த்துக் கொணர்ந்து மறுபடி வீடாகவே நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாராலும் ஆகிற காரியமல்ல.

தேவாலயத்து மரமெனில் இன்னும் கவனம் வேண்டும். வழிபாட்டுக்கென மந்திரிக்கப்பட்ட பொருள் தனியார் கையிலிருந்தாலும் உலக காரியங்களுக்கு ஆகாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1171-ம் விதி.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. மல்லாங்கிணற்றிலும் சுற்றூர்களிலும் பழைய ஓட்டுவீட்டைப் பிரிக்கும்போது, வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்களும் வேப்பமர நிலையும் விறகுக் கடைக்குப் போகின்றன. அதே வாரத்தில் வீட்டுக்காரர் காரைக்குடிக்கு வண்டி பிடிக்கிறார்! தாத்தா முற்றிய பனையாகத் தேர்ந்து, ஈரம் வற்றக் காயவைத்துப் போட்ட சட்டம். தட்டிப்பார்த்தால் இன்றும் கணீரென்கிறது. உங்களுக்கு வேண்டாமெனில், விறகுக் கடைக்காரருக்குச் சொல்லுமுன் கோயிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் தாழ்வாரத்துக்கு ஏழெட்டுச் சட்டம் தேவைப்படுகிறது.