போகாத நாளின் கணக்கு

என் நோட்டில் பதினோரு நாட்கள் பொய். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஜெகதாப்பட்டினம். விலங்கியல் முதுகலை முடித்ததும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். விசைப்படகுகள் கரைக்கு வரும் காலைகளில் இறங்குதளத்துக்குப் போக வேண்டும். இறால், நண்டு, கணவாய் எல்லாம் ஏலத்துக்குப் போன பிறகு மிஞ்சுகிற சங்காயம் ஒவ்வொரு படகிலும் எத்தனை கூடை என்று எழுத வேண்டும். பிறகு அதில் ஒரு கூடையைக் கொட்டி இனம் பிரித்து எண்ண வேண்டும். சங்காயம் என்றால் சாப்பாட்டுக்கு ஆகாத பொடிமீன் குவியல், கோழித் தீவனத்துக்குப் போவது. அதில் காரல் குஞ்சு கிடக்கும், நண்டுக் குஞ்சு கிடக்கும், சில நாள் கடல்குதிரையும் கிடக்கும். நாற்றம் கையைவிட்டுப் போக இரண்டு நாள் ஆகும்.

பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாட்கள் நாட்டுப்படகு என்பது நெடுநாள் ஏற்பாடு. அதனால் எனக்கும் வாரம் மூன்று காலைகள்தான் வேலை. அந்த மூன்றிலும் சில நாட்கள் நான் போகவில்லை. ஒரு தடவை காய்ச்சல். ஒரு தடவை அறந்தாங்கியில் கல்யாணம். மழை நாட்கள் சில. படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சேதி வந்து, கரையில் யார் முகத்தையும் பார்க்க முடியாத காலைகள் சில. அப்படிப்பட்ட நாளில் தராசைத் தூக்கிக்கொண்டு போய் "அண்ணே, சங்காயம் எத்தனை கூடை?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, முந்தைய நாட்களின் சராசரியைப் போட்டு அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். பெரிய தப்பாகத் தெரியவில்லை. கூட்டியோ குறைத்தோ எழுதவில்லையே, நடுவில் இருப்பதைத்தானே எழுதினேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கட்டிக் கிடக்கும், எனக்கும் வேலை இருக்காது. அந்த இடைவெளியில்தான் சூழலியல் மாணவர்களுக்கான புள்ளியியல் என்று ஒரு குறுகிய இணைய வகுப்பில் சேர்ந்தேன். ஆறு வாரம். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் நிற்கும். காதில் ஹெட்போன், தலைக்கு மேல் துண்டு. "வெயில்ல உக்காந்து யாருகிட்ட பேசுற?" என்று அம்மா கேட்டார். "கணக்குப் படிக்கிறேன்"னு சொன்னேன். "பன்னண்டாப்புல படிச்சது பத்தலையா?"

பத்தவில்லைதான். வகுப்பில் பயன்படுத்திய மென்பொருள் ஆர். 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் உருவாக்கியது. காசில்லாமல் கிடைக்கும். முதல் வாரம் எண்களை உள்ளே ஏற்றுவது, இரண்டாம் வாரம் படம் வரைவது. மூன்றாம் வாரம் ஆசிரியர் ஒரு சின்ன வேலை கொடுத்தார். ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, மீதி எண்களுக்குச் சராசரி கேளுங்கள் என்றார். கேட்டேன். என்.ஏ. என்று இரண்டெழுத்துதான் பதிலாக வந்தது. கிடைக்கவில்லை என்று பொருள். நூறு எண்ணில் தொண்ணூற்றொன்பது தெரிந்து ஒன்று தெரியாவிட்டாலும் ஆர் சராசரி சொல்லாது. தெரியாததை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடு என்று நாம் தனியாக ஒரு கட்டளை எழுதிச் சொன்னால்தான் சொல்லும்.

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் அதற்குள் இருக்கிற நியாயம் உறைத்தது. ஒதுக்குவது ஒரு முடிவு, அதை எடுத்தது நான் என்று என் கையால் எழுதி வாங்கிக்கொள்கிறது அந்த மென்பொருள். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் ரேகை வைக்கச் சொல்வதுபோல.

அன்று ராத்திரி நோட்டை எடுத்தேன். பதினோரு நாளையும் எனக்கு நன்றாகத் தெரியும். எந்த நாள் எந்தப் பேனா என்பதுகூடத் தெரியும்.

சராசரியை இட்டு நிரப்புவது என்ன செய்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஐந்து நாளில் மூன்று நாள் கரைக்குப் போனேன் என்று வையுங்கள். படகுக்குச் சங்காயம் 4 கூடை, 20 கூடை, 12 கூடை. சராசரி 12. போகாத இரண்டு நாளுக்கும் 12, 12 என்று எழுதிவிடுகிறேன். சராசரி மாறவில்லை, அதே 12. ஆனால் எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 8இலிருந்து 5.7 ஆகக் குறைகிறது. நம் சராசரி எவ்வளவு தூரம் தப்பாக இருக்கலாம் என்று காட்டும் திட்டப் பிழை 4.6இலிருந்து 2.5 ஆக, ஏறக்குறையப் பாதியாக, இறங்கிவிடுகிறது.

இதைப் பார்த்த பிறகு என் சமாதானம் நிற்கவில்லை. கூட்டவில்லை, குறைக்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் கடல் எவ்வளவு நிலையில்லாதது என்பதைக் குறைத்திருக்கிறேன். எனக்கு எவ்வளவு தெரியும் என்பதைக் கூட்டியிருக்கிறேன். மீனைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லாமல், என்னைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறேன். மூன்று நாள் பார்த்தவள் ஐந்து நாள் பார்த்தவள்போல உறுதியாகப் பேசுகிறாள்.

அந்த உறுதிக்குத்தான் எங்கள் துறையில் மதிப்பு. 0.05 என்ற எல்லைக்குக் கீழே எண் வந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். நட்சத்திரம் இருந்தால் கட்டுரை, இல்லாவிட்டால் கோப்பு. ஆர்.ஏ. ஃபிஷர் 1925இல் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவிய எல்லை அது. வசதிக்காக எடுத்துக்கொள்வதாக அவரே அதில் சொல்லியிருக்கிறார். அவர் அப்போது வேலை பார்த்தது இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில். வயல் நகராது. பாத்தி கட்டலாம், இந்தப் பாத்திக்கு உரம் அந்தப் பாத்திக்கு இல்லை என்று குலுக்கிப் போடலாம். கடலில் பாத்தி கட்ட முடியாது. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984இல் எழுதிய கட்டுரை ஒன்றை வகுப்பில் படிக்கச் சொன்னார்கள். களச் சோதனை செய்த 176 ஆய்வுகளைப் பார்த்து, புள்ளியியல் முடிவு சொன்னவற்றில் ஏறக்குறையப் பாதி, ஒன்றையே பலவாக எண்ணியிருக்கின்றன என்று காட்டியவர். ஒரே படகிலிருந்து முப்பது கூடை எடுத்தால் அது முப்பது சாட்சி ஆகாது. ஒரே சாட்சி முப்பது தடவை பேசுவதுதான்.

அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்தது. டொனால்ட் ரூபின் என்ற புள்ளியியலாளர் 1976இல் ஒரு கேள்வி கேட்டார். ஒரு தரவு காணாமல் போயிருக்கிறது என்றால், அது ஏன் காணாமல் போனது? குலுக்கல்போலத் தற்செயலாகப் போயிருந்தால் பெரிய கெடுதல் இல்லை. போனதற்குக் காரணம் இருந்து, அந்தக் காரணத்துக்கும் தெரியாமல் போன எண்ணுக்கும் உறவு இருந்தால் கெடுதல். என் பதினோரு நாளை அந்தக் கேள்வியோடு பார்த்தேன். கல்யாணமும் காய்ச்சலும் போக மீதியெல்லாம் மழை நாள் அல்லது பயந்த நாள். காற்று மாறிய நாளிலும், பிடிபட்டுவிடுவோமோ என்று பாதியில் மடியை ஏற்றிக்கொண்டு ஓடிவந்த நாளிலும் வந்த பாடு மற்ற நாள் பாடுபோல இருந்திருக்காது. எந்த நாட்களை முக்கியமாகப் பார்த்திருக்க வேண்டுமோ அந்த நாட்களையே மற்ற நாட்கள்போல ஆக்கிவிட்டேன்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கியது. நாட்டின் கடல் மீன் வரத்தை அவர்கள் மதிப்பிடும் முறையைப் பிறகு படித்தேன். எந்த நாள் எந்தக் கரைக்குப் போவது என்பதை வாய்ப்பு முறையில் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். படகு 15க்குள் இருந்தால் எல்லாவற்றையும் பார்ப்பது, கூடினால் அதிலும் மாதிரி எடுப்பது. போகிறவரின் மனநிலைக்கு அங்கே வேலை இல்லை. தன் மேலேயே நம்பிக்கை வைக்காத ஆட்கள் போட்ட திட்டம் அது. அந்த அவநம்பிக்கை இப்போது எனக்கு அடக்கமாகத் தெரிகிறது.

எண்ணில் உறுதி காட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரை உதாரணம். காட் மீன் குறைந்துகொண்டே வந்த காலத்திலும் பெரிய படகுகள் மீன் கூடும் இடத்தைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தன. பிடிபடுவதை வைத்துக் கடலில் இருப்பதைக் கணித்தார்கள். எண் தைரியம் சொன்னது. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. ஏறக்குறைய முப்பதாயிரம் பேருக்கு வேலை போனது.

இவ்வளவும் ஆன பிறகு "தெரியாததைத் தெரியாது என்று எழுது, அதுவே அறம்" என்று முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கடற்கரை ஊரில் அப்படி முடிக்க முடியாது.

கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் அவர் வீட்டுக்கு அவர் பூஜ்ஜியம் இல்லை, என்.ஏ. உடல் கிடைக்காதவரை சட்டத்துக்கும் அப்படித்தான். ஏழு ஆண்டுகள் சேதி இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கொள்வார்கள். அதுவரை அந்தப் பெண் விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. அவளுக்கு நிவாரணமும் வராது. 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களின் வீடுகளுக்காக அந்தக் காத்திருப்பைத் தளர்த்த வேண்டியிருந்தது. அங்கே கட்டத்தைக் காலியாக வைத்திருப்பது நேர்மை அல்ல, கொடுமை. யாராவது கையெழுத்துப் போட்டு நிரப்பித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் நிரப்புவது தப்பில்லை. ரூபினே பிற்பாடு அதற்கு வழி சொன்னார். ஒரு கட்டத்தை ஒரே எண்ணால் நிரப்பாமல், பல தடவை வெவ்வேறு எண்களால் நிரப்பிப் பார். அவை ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றனவோ அந்த அளவையும் விடையோடு சேர்த்துச் சொல். நிரப்பலாம், ஆனால் நிரப்பிய தடம் தெரிய வேண்டும். இந்த நிரப்பலால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்றும் கேட்க வேண்டும். ஒக்கிக்குப் பிறகு நிரப்பியது காத்திருந்தவர்களுக்காக. நான் நிரப்பியது எனக்காக.

தடைக்காலம் முடிவதற்குள் திட்டப் பொறுப்பாளரிடம் போனில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "எல்லாரும் பண்றதுதானேம்மா. டிரெண்டு மாறப் போறதில்லையே?" என்றார். டிரெண்டு மாறவில்லை. பதினோரு கட்டத்தையும் காலியாக்கி மறுபடி ஓட்டியபோது நட்சத்திரம் மட்டும் போய்விட்டது. எண் 0.05ஐத் தாண்டி மேலே ஏறியிருந்தது. தடைக்குப் பிந்தைய முதல் மாதத்துக்கும் மற்ற மாதங்களுக்கும் சங்காயத்தில் வேறுபாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த வருடத்துக்கு என் ஒப்பந்தம் நீளுமா என்பதும் அப்படியே.

கடைசியாக, இன்னும் எனக்கு விடை தெரியாத ஒன்று.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு எங்கள் கரையையும் தஞ்சாவூர்க் கரையையும் சேர்த்து 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. இந்தியக் கடலில் சுமார் 240 மிச்சம் என்று அப்போது செய்திகளில் வந்தது. எங்கள் ஆட்கள் அதை ஆவுளியா என்பார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வலையில் தெரியாமல் மாட்டிச் செத்தாலும் சொல்லப் பயம். என் நோட்டில் ஆவுளியா என்று ஒரு பத்தி உண்டு, அதில் கடைசிவரை பூஜ்ஜியம்தான். யாரும் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்த வாரம், நான் மாமா என்று கூப்பிடும் ஒரு டிரைவர், வலை பழுது பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணு மாட்டுச்சும்மா. செத்துத்தான் வந்துச்சு. குட்டி போட்ட மாதிரி மார்பு. அப்படியே தள்ளி விட்டுட்டோம். ரெண்டு நாள் சோறு எறங்கல." எப்போது என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு உனக்கு?" கொஞ்சம் கழித்து, "நோட்டுல எழுதிப்புடாத" என்றார்.

எழுதவில்லை. களப்பணியாளரிடம் அவர் அதைச் சொல்லவில்லை, மருமகளிடம்தான் சொன்னார். ஆனால் பூஜ்ஜியம் என்று விட்டால் பொய். என்.ஏ. என்று மாற்றினாலும் பொய்தான், எனக்குத் தெரியுமே. ஒன்று என்று எழுதினால் நாளும் இல்லை, படகும் இல்லை. மாமாவின் நம்பிக்கை உடைந்தது மட்டும்தான் மிச்சமாகும். அதன் பிறகு இந்தக் கரையில் யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எல்லாப் பத்தியிலும் பூஜ்ஜியம் வரும்.

அறிக்கையில் அந்தப் பத்திக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: இந்தப் பூஜ்ஜியங்களை இல்லை என்று படிக்க வேண்டாம்; சொல்லப் பயப்படுகிறவர்களிடம் கேட்டுப் பெற்றவை.

அது போதுமா என்று தெரியவில்லை. ஜூன் 15 காலையில் புது நோட்டோடு இறங்குதளத்துக்குப் போனேன். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாக ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டிருக்கிறேன். தலைப்பு: ஏன் தெரியாது.