தியாகத்தைப் புகழ்வதா, குறைப்பதா?

பிறர் உயிருக்காகத் தன் உயிரைப் பணயம் வைக்கும் ஒருவனுக்கு நாம் பட்ட கடனை எப்படி அடைப்பது? புகழ்ந்தால் போதுமா? இந்தக் கேள்வியை எனக்குள் கிளறிவிட்டவை நியூயார்க்கின் இரண்டு தீயணைப்பு நிலையங்கள். கட்டடங்களுக்குக் காற்றோட்டம் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் புகை எந்த வழியாக வெளியேறுகிறது என்றுதான் என் கண் முதலில் தேடும்.

மன்ஹாட்டனின் கிரேட் ஜோன்ஸ் தெருவில் உள்ள எஞ்சின் 33 நிலையம் 1899இல் கட்டி முடிக்கப்பட்டது. அதை வடிவமைத்த இருவரில் ஒருவரான எர்னஸ்ட் ஃபிளாக் பாரிஸில் கட்டடக்கலை படித்தவர். மேல்மாடிகளை ஒருசேர வளைத்து நிற்கும் பிரம்மாண்டமான வளைவில் அந்தப் படிப்பு தெரிகிறது. நம் முன்னோர் போரில் மாண்டவனுக்கு நடுகல் நட்டார்கள். இந்த முகப்பைப் பார்த்தால், வீரன் உயிரோடிருக்கும்போதே அவனுக்கு நட்டுவிட்ட நடுகல் போலிருக்கிறது.

உள்ளே கதை வேறு. அந்தக் காலத்து நிலையங்களில் கீழ்த்தளத்தில் குதிரைகளும் வண்டியும், மாடியில் ஆட்களின் படுக்கை. மணி அடித்ததும் சறுக்கி இறங்க ஒரு கம்பம். இதை 1878இல் சிகாகோவில் டேவிட் கென்யன் என்பவர் புகுத்தினார். 1922இல் நியூயார்க் தீயணைப்புத் துறையிலிருந்து குதிரைகள் விடைபெற்றன. பின்னர் டீசல் வண்டிகள் வந்தன. சூடான புகை மேலே எழும்; கம்பத்துக்காகத் தளத்தில் விட்ட துளை அதற்குப் புகைபோக்கியாகிவிடும். தீயிலிருந்து திரும்பியவர்களின் கரி படிந்த உடுப்புகளையும் வண்டிக்கூடத்திலேயே மாட்டிவைப்பது பல ஊர்களில் வழக்கம். தீயணைப்பு வீரரின் தொழிலே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் வகைப்படுத்தியது.

புரூக்ளினின் பிரவுன்ஸ்வில் பகுதியில் 2019இல் திறக்கப்பட்டது ரெஸ்க்யூ 2 நிலையம். ஜீன் கேங்கின் ஸ்டுடியோ கேங் நிறுவனம் வடிவமைத்தது. அழுக்கோடு திரும்புபவர்கள் நுழையும் பகுதி, கழுவும் பகுதி, உறங்கும் சுத்தமான பகுதி என்று உள்ளே பிரித்திருக்கிறார்கள். காற்றழுத்த வேறுபாட்டால் நச்சு உள்ளே பரவாமல் தடுக்கிறார்கள். நடுவில் பல மாடி உயரத்துக்கு ஒரு வெற்றிடம். கயிற்றில் இறங்கவும், ஜன்னல் வழியாக ஆளை மீட்கவும் அங்கேயே பயிற்சி. வெளியே கான்கிரீட் சுவர். திறப்புகளைச் சுற்றி மட்டும் சிவப்புச் சுடுமண் ஓடுகள். ஃபிளாக்கின் வளைவுக்கு முன் இது அடக்கமான அழகுதான்.

சாகத் துணிந்தவனை வணங்கப் பல மதங்கள் சொல்லித்தருகின்றன. அந்த வணக்கத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தியாகத்தைப் பாடப் பாட, அது தவிர்க்க முடியாதது என்று நம்பத் தொடங்கிவிடுகிறோம். பிறகு அவனுடைய நுரையீரலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மனிதனை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்றார் தத்துவ அறிஞர் கான்ட். வீரன் என்ற பட்டத்தைச் சூட்டியும் ஒருவனைக் கருவியாக்கலாம். அது இன்னும் வசதியான வழி.

1899இல் கட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. டீசலை அவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது. அழகு வீண் என்றும் சொல்லமாட்டேன். நன்றியைத் தெருவில் நாலு பேர் பார்க்கச் சொல்வதும் நன்றிதான். ஆனால் நகராட்சியிடம் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், வளைவை விட்டுவிட்டுக் காற்றோட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எரியும் வீட்டுக்குள் தீயணைப்பு வீரர் ஏற்கும் ஆபத்து அவர் விரும்பி ஏற்றது. உறங்கும் அறையில் சுவாசிக்கும் நஞ்சு நாம் அவர்மேல் சுமத்தியது. முன்னதற்கு நன்றி சொல்லலாம். பின்னதை நிறுத்தியாக வேண்டும்.

உங்கள் ஊரில் புதிய தீயணைப்பு நிலையம் கட்டும் பேச்சு வந்தால், முகப்புப் படத்தைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். வண்டிப் புகை எங்கே போகிறது, உடுப்பை எங்கே கழுவுகிறார்கள், படுக்கை எங்கே என்று கேளுங்கள்.