நாம் பட்டதைப் பிறரும் படவேண்டுமா?

பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். முதலில் ஊருக்குப் பேசுகிறோம். பிறகு பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்கிறோம். அதன்பின் பட்டியல் தொடங்குகிறது. மருத்துவப் பரிசோதனைத் தாள், புகைப்படம், பி.டி.பி.டி.என். கடன் மனு, வாளி, தலையணை, வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கூடவே வீட்டார் வறுத்துக் கொடுக்கும் பலகாரம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் கடை நடத்தும் நமக்குச் சரக்குப் பட்டியல் போட யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்றும் விடுபடாது. ஆயினும் அந்தப் பட்டியலில் நாம் எழுத மறப்பது ஒன்று உண்டு. மூத்தவர் ஒருவர் தகாததைச் செய்யச் சொன்னால் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதே அது.

நம் நண்பர் ஒருவர் கிள்ளானில் மளிகை வியாபாரம் செய்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மூத்த மகன் கல்லூரி விடுதிக்குப் போனான். எந்தக் கல்லூரி என்பது இங்கு வேண்டாம். புதுமுக வாரத்தின் மூன்றாம் நாள் இரவு மகன் தொலைபேசியில் பேசினான். "அத்தா, பகலில் ஒன்றுமில்லை. இரவு ஒரு மணிக்கு மேல் சீனியர்கள் வந்து எழுப்புகிறார்கள். சுவரைப் பார்த்து நிற்கச் சொல்கிறார்கள். என் பெயரை உரக்கச் சொல்லச் சொல்லிச் சிரிக்கிறார்கள்" என்றான். நண்பர் கடைக் கணக்கு முடித்து அலுத்திருந்த நேரம். "பெரிய பிள்ளைகள் சொன்னால் கேட்டுக்கொள் தம்பி. ஒரு வாரந்தானே! நான் படாததா?" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். பையனுக்கு அதற்குமேல் கெடுதல் ஒன்றும் நேரவில்லை. வாரம் முடிந்தது, படிப்பு தொடங்கியது. கதையின் மறுபாதியைப் பின்னர் சொல்கிறோம்.

"நான் படாததா?" என்ற இந்தச் சொல் நம்மவர் வாயில் எளிதாக வருவது. அதற்குக் காரணமும் உண்டு. மலாயாப் பல்கலைக் கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1959-இல் அதன் கோலாலம்பூர்ப் பிரிவு ஏற்பட்டு, 1962-இல் தனிப் பல்கலைக் கழகமாக லெம்பா பந்தாயில் நிலைத்தது. இன்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் அதுதான். ஆனால் அந்த நாட்களில் நம்மவருக்கு அது எட்டாத தூரம். ரஜுலா கப்பலில் வந்து, அப்போது போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்றிருந்த கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிய பதினான்கு பதினைந்து வயதுப் பையனுக்குக் கடைதான் கலாசாலை. அங்கும் ஒரு புதுமுக வாரம் இருந்தது. ஆனால் அது ஒரு வாரத்தில் முடிவதில்லை. விடியுமுன் எழ வேண்டும். தட்டுக் கழுவ வேண்டும். மூட்டைமேல் சாக்கை விரித்துப் படுக்க வேண்டும். முதலாளி முன் உட்காரக் கூடாது. தவறினால் தலையில் ஒரு குட்டு. தவறாவிட்டாலும் சில நாள் குட்டு உண்டு. அந்தக் குட்டை வைப்பவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். மூன்று ஆண்டுக்கு முன் அதே குட்டை வாங்கிய இன்னொரு பையன்தான். அடுத்த கப்பலில் புதுப் பையன் வந்து இறங்கினால் இவனுக்கும் முறை வரும். இப்படியாகக் குட்டும் ஒரு சரக்கைப் போலக் கைமாறி வந்தது.

கல்லூரிகளில் இதற்கு ராகிங் என்று பெயர். இலங்கைத் தமிழர் பகிடிவதை என்பர். பகிடி என்றால் கேலி. கேலியில் தொடங்கி வதையில் முடிவதை அந்தச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழக மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொலையுண்டார். அவருடைய தந்தை அப்பொழுது சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர். இதை வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு பல்கலைக் கழகத்தையே ஆளும் தந்தையின் செல்வாக்கு, இன்னொரு பல்கலைக் கழகத்தின் விடுதி அறைவரை போய்ச் சேரவில்லை! நம் கடைப் பெயரும் சங்கப் பதவியும் எவ்வளவு தூரம் போகும்? தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதே 1997-இல் இலங்கைப் பேராதனைப் பல்கலைக் கழகத்தில் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ், பகிடிவதையில் கடும் உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டுச் சிறுநீரகம் கெட்டு இறந்தார். அங்கே 1998-இல் சட்டம் பிறந்தது. இரண்டு நாட்டிலும் பிணம் விழுந்த பிறகே சட்டம் எழுந்தது. நம் நாட்டிலும் 2025-இல் மிரட்டலையும் துன்புறுத்தலையும் தனிக் குற்றங்களாக்கும் பிரிவுகள் குற்றவியல் சட்டத்தில் சேர்ந்தன. நல்லதே. ஆனால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரவு ஒரு மணிக்கு யாரும் விடுதி வராந்தாவில் நிற்பதில்லை. அங்கே நிற்பது நம் பிள்ளை மட்டுமே.

இங்கே நம்மில் சிலர் மறுப்புச் சொல்வர். "அந்தக் கஷ்டந்தான் எங்களை மனிதராக்கியது; செல்லமாக வளர்ந்த பிள்ளை கொஞ்சம் அடிபட்டால்தான் உலகம் தெரியும்" என்பர். இதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. கஷ்டம் மனிதனைத் தேற்றுவது உண்மைதான். எந்தக் கஷ்டம் என்பதே கேள்வி. விடியுமுன் எழுந்தது கடை திறக்க வேண்டியிருந்ததால். தட்டுக் கழுவியது அடுத்த ஆள் சாப்பிட வேண்டியிருந்ததால். மூட்டை தூக்கியது சரக்கு வந்ததால். இவை வேலையோடு பிறந்த கஷ்டங்கள். முதலாளியே தனியாய்க் கடை நடத்தினாலும் அவற்றை அவர் பட்டே ஆகவேண்டும். தலையில் விழுந்த குட்டு அப்படியா? அதனால் ஒரு தட்டாவது சுத்தமாயிற்றா? ஒரு மூட்டையாவது நகர்ந்ததா? குட்டியவனுக்கு ஒரு நொடி பெருமை. அவ்வளவுதான் அதன் வரவு. நாம் தேறியது மூட்டையால். ஆனால் புகழைக் குட்டுக்குக் கொடுத்துவிட்டோம். இரண்டும் ஒரே நாளில் வந்தபடியால் பிரித்துப் பார்க்கவில்லை.

கல்லூரியிலும் இதே பிரிவினை வேண்டும். காலை ஆறு மணிக்குத் திடலுக்கு வா என்பது, பல்கலைக் கழகப் பாட்டை மனப்பாடம் செய் என்பது, நூலகம் எங்கே, மருத்துவ நிலையம் எங்கே என்று வெயிலில் நடக்க வைப்பது, கைப்பேசியை அணைத்துவிட்டுச் சொற்பொழிவு கேட்கச் சொல்வது, இவையெல்லாம் ஒழுங்கு. இவற்றுக்குச் சிணுங்கும் பிள்ளைக்கு நாம் பரிந்து பேச வேண்டியதில்லை. இரண்டு நாள் தூக்கம் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பகலில் ஆசிரியர் முன் சொல்ல முடியாததை இரவில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுகிறவன் ஒழுங்கைக் கற்பிக்கவில்லை. கல்லாவில் உட்காரும் பையனுக்குக் கள்ள நோட்டை விரலால் தடவிக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருகிறோமே. இதையும் அப்படிக் கற்றுத் தரலாம். இவன் சொல்வதை எல்லார் முன்னும் சொல்வானா? செய்து முடித்தால் யாருக்காவது பயன் உண்டா? நான் தாழ்ந்து நிற்பதைத் தவிர இதில் வேறு விஷயம் இருக்கிறதா? இம்மூன்றும் கேட்டால் போதும். பதில் சரியில்லை என்றால் "மன்னிக்க வேண்டும் அண்ணா, இதைச் செய்ய மாட்டேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். மறுநாள் காலை விடுதிப் பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லவும் செய்யலாம். வீட்டுக்குத் தொலைபேசி செய்தால் அத்தா அதட்ட மாட்டார் என்ற நம்பிக்கை மட்டும் பிள்ளைக்கு முன்பே இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களை விடுதிக்கு அனுப்பும்போது எதிர்த்துப் பேசாதே என்ற புத்திமதியை இரட்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறோம். தீங்கு செய்ய நினைப்பவனுக்கு அதைவிட வசதியான புத்திமதி வேறில்லை.

கோம்பாக்கில் தலைமை வளாகம் கொண்ட அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக் கழகத்தில் புதுமுக வாரத்துக்குத் தஆருஃப் வாரம் என்றே பெயர். ஒருவரையொருவர் அறிந்துகொள்வது என்பது அதன் பொருள். அந்தச் சொல்லின் வேர் சூரத்துல் ஹுஜுராத்தில் உள்ளதை நம் வாசகர் அறிவர். அதே சூராவில், அந்த வசனத்துக்குச் சற்று முன்னால், ஒருவரையொருவர் பரிகாசம் செய்வதும் பட்டப் பெயரிட்டு அழைப்பதும் விலக்கப்பட்டிருக்கின்றன. முதலில் கேலியை நிறுத்தச் சொல்லி, பிறகு அறிமுகத்தைச் சொன்ன வரிசையை நாம் கவனிக்க வேண்டும். வேறு பல்கலைக் கழகங்களில் இந்த வாரத்தின் பெயர் வேறு; தேவை ஒன்றேதான். கிளந்தானிலிருந்து வந்த மலாய்ப் பையனும், ஈப்போவிலிருந்து வந்த சீனப் பெண்ணும், கிள்ளானிலிருந்து வந்த நம் பிள்ளையும் முதன்முறையாக ஒரே மேசையில் உட்காரும் வாரம் அது. பெயரைக் கேட்பது அறிமுகத்துக்காகவா, சிரிப்பதற்காகவா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இனிச் சொல்லப்போவதுதான் நமக்குக் கடினமானது. விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு என்ன நேருமோ என்று முதலாண்டு முழுதும் கவலைப்படுகிறோம். இரண்டாம் ஆண்டில் அவன் என்ன செய்வானோ என்று நம்மில் எத்தனை பேர் கவலைப்பட்டிருக்கிறோம்? அந்த ஆண்டில் அவன் மூத்தவன். அவனுக்குக் கீழே புதியவர்கள் வந்து நிற்பார்கள். பட்ட வலியைத் தீர்த்துக்கொள்ளப் பழைய ஆளை அவன் தேடிப் போவதில்லை, போகவும் முடியாது. எதிரில் நிற்கும் புதியவனிடமே வசூல் செய்கிறான். கடன் வாங்காதவனிடம் கடனை வசூலிப்பது எந்த வியாபாரத்தில் செல்லும்? நம் பேரேட்டில் இப்படி ஒரு பற்று எழுதினால் கணக்கப்பிள்ளையை நாம் விட்டுவைப்போமா?

கிள்ளான் நண்பருக்கு நடந்தது இதுதான். மறு ஆண்டு மகன் விடுமுறைக்கு வந்தான். இரவுச் சாப்பாட்டின்போது தம்பி தங்கையருக்குக் கல்லூரிக் கதை சொன்னான். புதிதாக வந்த பிள்ளைகளை இவர்கள் என்ன செய்தார்கள், ஒருவன் எப்படி அழுதான் என்று நடித்துக் காட்டினான். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். நண்பர், "ஏன் தம்பி, அவன் பாவமில்லையா?" என்று கேட்டார். மகன் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்: "ஒரு வாரந்தானே அத்தா! நாங்கள் படாததா?"

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றபோது நண்பர் இதை நம்மிடம் சொன்னார். அன்றிரவு மகனைக் கண்டிக்க வாயெடுத்தாராம், சொல் வரவில்லையாம். கீழே கடையின் பின்கட்டில், நான்கு மாதத்துக்கு முன் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பையன் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வந்த நாள் முதல் அவனை "டேய்" என்றே கூப்பிட்டு வந்திருக்கிறார். மறுநாள் காலை பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று போய் நின்றாராம். பெயர் நினைவுக்கு வரவில்லையாம். அவனிடமே கேட்கவேண்டியதாயிற்று என்றார்.