மாரீசன் மேல் குற்றமா?

"அண்ணே, நீங்க அனுப்புனதாலதான் நம்புனேன்."

கிள்ளானிலிருந்து சித்தப்பா மகன் போனில் சொன்னது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. எஸ்பிஎம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். பிரிக்பீல்ட்ஸில் பஸ்ஸுக்கு நின்றபோது என் புலனத்துக்கு வந்த விளம்பரத்தை, முழுசா படிக்காமலேயே அவனுக்குத் தட்டிவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை, மாதம் 1,500 வெள்ளி. என்ன வேலை தெரியுமா? அவன் வங்கிக் கணக்கில் பணம் விழும். அதை வேறு கணக்குக்கு மாற்றணும். ஏடிஎம் கார்டையும் கொடுத்துவிட்டான். மூன்றாவது வாரம் போலீஸ் அழைத்தது. விழுந்தது, யாரோ ஒரு பாட்டியை ஏமாற்றிப் பறித்த பணம். 2024இல் திருத்திய தண்டனைச் சட்டப்படி, தகுந்த காரணமில்லாமல் கணக்கையோ கார்டையோ அடுத்தவர் கையில் கொடுப்பதே குற்றம்.

எங்கள் ஞாயிறு வகுப்பில் இதைப் பேசினோம். ஏமாற்றியவன் ராவணன் என்றான் ஒருவன். எனக்கு மாரீசன்தான் ஞாபகம் வந்தான். பொன்மானாக அவன் விரும்பி வரவில்லை. வேண்டாம் என்று ராவணனிடம் எவ்வளவோ சொன்னான். மறுத்தால் சாவு என்றதும், ராமன் கையால் சாவோமே என்று கிளம்பினான். (சீதையின் ஆசையைப் பற்றி மட்டும் எல்லாரும் பேசுவோம்!)

இன்றும் மாரீசர்கள் உண்டு. நல்ல சம்பளம் என்று நம்பி கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய் அடைபட்ட மலேசிய இளைஞர்களின் கதை 2022இல் நம் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தது. கடப்பிதழைப் பிடுங்கி, அடித்து, அடுத்தவரை ஏமாற்றும் செய்திகளை அனுப்ப வைத்தார்கள். மியன்மாரில் மட்டும் இப்படிக் குறைந்தது 120,000 பேர் இருக்கலாம் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. ஆக, "பகுதி நேர வேலை வேண்டுமா?" என்று நம்மைக் கேட்பவரும் ஒரு காலத்தில் வேலை தேடி அலைந்தவராக இருக்கலாம்.

அவர் மேல் குற்றமா? உண்டு என்று சொல்ல நாக்கு வரவில்லை. இல்லை என்றால் அந்தப் பாட்டிக்கு என்ன பதில்? தம்பி மேலும் கொஞ்சம் உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு யார் 1,500 வெள்ளி தருவார்கள் என்று கேட்டிருக்கணும். ஆனால் என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லையே. பிழைப்புக்கும் எனக்கு வழி இருந்தது. கட்டாயமே இல்லாமல் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியானவன் நான். அவன் அந்தக் கம்பெனியை நம்பவில்லை, என்னை நம்பினான்.

கம்பெனி பதிவானதா என்று எஸ்எஸ்எம்மில் தேடியிருக்கலாம். போன் எண்ணை, கணக்கு எண்ணை போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம். பணம் பறிபோனால் உடனே 997க்கு அழைக்கணும் என்பதாவது எனக்குத் தெரிந்திருக்கலாம். எல்லாம் ஐந்து நிமிஷ வேலை. பஸ் அன்றைக்கு அரை மணி லேட்டு வேறு.

தம்பியின் கணக்கு இன்னும் முடங்கித்தான் கிடக்கிறது. தெங்கு கிளானா சாலையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். சம்பளத்தைக் கையில் வாங்குகிறான். தீபாவளிக்குப் போனபோது நல்லாத்தான் பேசினான். திரும்பி வந்து, அங்கே எடுத்த குடும்பப் படத்தை அனுப்பினேன். திறக்காமலேயே போன் போட்டான்.

"அண்ணே, இது என்னதுண்ணே?"