அசைத்துப் பார்க்கட்டும்!

1959 அக்டோபர் 10. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் வாட்ஸ் பகுதி. அங்கே நின்றிருந்த ஒரு கம்பிக் கோபுரத்தில் இரும்பு வடத்தைக் கட்டி இழுக்கிறார்கள். 'ஆபத்தான கட்டுமானம், இடித்துத் தள்ளு' என்று நகர நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. காப்பாற்ற வந்தவர்கள் வைத்தது ஒரே பதில்: இழுத்துப் பாருங்கள், சாய்ந்தால் இடியுங்கள். 10,000 பவுண்டு, ஏறத்தாழ 4.5 டன் விசை கொடுத்துப் பார்த்தார்கள். கோபுரம் மசியவில்லை. இழுத்த ஏற்பாடுதான் மக்கர் பண்ணி நின்றது. கோபுரம் தப்பித்தது.

கட்டியவர் பொறியாளரா? இல்லை. சைமன் ரோடியா, இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த கட்டடக் கூலி. ஓடு பதிப்பதும் பூசுவதும் தொழில். 1921 முதல் 1954 வரை, 33 ஆண்டுகள், பகல் வேலை முடிந்து வந்து தனியாளாகக் கட்டினார். சாரம் போடவில்லை. வெல்டிங் இல்லை, போல்ட் இல்லை. கம்பியை வளைக்க எந்திரம் வாங்க வழியில்லை. பக்கத்தில் ஓடிய ரயில் தண்டவாளத்துக்கு அடியில் நுனியைச் செருகி, உடம்பின் பலத்தை எல்லாம் போட்டு வளைத்தார். வளைத்த கம்பியில் வலைக்கம்பி சுற்றி, சிமென்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் உடைந்த பாட்டிலும் பீங்கானும் சிப்பியும் பதித்தார். உயரமான கோபுரம் நூறடிக்குச் சற்றே குறைவு. சோதனை நடந்த அன்று அவர் அந்தப் பக்கமே இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இடத்தை அண்டைவீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து பார்க்கவும் இல்லை.

இப்போது சொல், உன்னிடம் என்ன இல்லை?

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டுத் திண்ணையில் போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பி, உன்னைத்தான் கேட்கிறேன். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு வெல்டிங்?' என்ற ஒரு வார்த்தைக்காக ஆசையை மூட்டை கட்டிப் பரணில் போட்ட தங்கச்சி, உன்னையும்தான். கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும், என்னால் முடியும்' என்று தினமும் நூறு தடவை சொல்லச் சொல்கிற புத்தகங்களை நீங்கள் படித்திருப்பீர்கள். நூற்றியோராவது தடவை சொல்லும்போதும் கண்ணாடியில் தெரிவது அதே ஆள்தான். அந்தப் புத்தகத்தை மூடுங்கள். உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

ஒரு திமிங்கிலம் செய்யுங்கள். பழைய இரும்பில். ஆள் உயரத்துக்கு மேல் முதுகு இருக்க வேண்டும். உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளி வாசலில் அது நிற்க வேண்டும். அதன் விலா எலும்பு ஒவ்வொன்றிலும் இரண்டு சைக்கிள் நிற்க வேண்டும்.

சிரிப்பு வருகிறதா? பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள்கள் பள்ளிக்கூடத்தில் நிற்கும் கோலத்தைப் பார். வேப்பமரத்தடியில் ஒன்றோடொன்று ஹேண்டில்பார் சிக்கிக்கொண்டு வரிசை நிற்கும். கடைசியில் வந்தவன் அவசரத்தில் ஓர் இடி இடித்துவிட்டுப் போவான். முதல் சைக்கிள் சாய, அடுத்தது சாய, வரிசை மொத்தமும் தரையில் கிடக்கும். பெடல் ஸ்போக்கில் மாட்டும், பெல் மூடி உருண்டு சாக்கடைக்குப் போகும். சில இடங்களில் சிமென்ட்டில் பள்ளம் கட்டி முன்சக்கரத்தைச் சொருகச் சொல்வார்கள். அது அதைவிட மோசம்: சைக்கிள் சாயும்போது அத்தனை பளுவும் ரிம்மில் விழுந்து கோணிப்போகும். பூட்டினாலும் சக்கரத்தைக் கழற்றி விட்டுவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

சைக்கிளுக்கு வேண்டியது உடம்பைத் தாங்கும் சட்டம். உலகம் முழுக்கத் தெருக்களில் நிற்கும் ஷெஃபீல்டு ஸ்டாண்டு என்பது அவ்வளவுதான். கவிழ்த்துப் போட்ட ‘ப’ மாதிரி ஒரு குழாய், ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் உயரம். ஃபிரேம் இரண்டு இடத்தில் சாயும், பூட்டை ஃபிரேமோடு சேர்த்துப் போடலாம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 1 மீட்டர் இடைவெளி விட்டால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள் நிற்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துத் திமிங்கில எலும்புக்கூட்டின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறாயா? முதுகெலும்பிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் விலாக்கள். அதைத் தரைக்கு இறக்கி, விலாவின் இரண்டு காலுக்கும் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி கொடு. ஸ்டாண்டு தயார். ஏழு விலா, பதினான்கு சைக்கிள்.

குறுக்குக் கம்பி என்றதும் புதுக்கோட்டை ஞாபகம் வருகிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டப் படித்த பெண்கள் அப்படியே சைக்கிளிலும் ஏறினார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்கப்படுத்தினார். குவாரியில் கல் உடைத்தவர்கள், வயலில் நடவு நட்டவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். ஊர் கேலி பேசாமலா இருந்தது? காது கூசப் பேசியது. லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளை எடுத்தார்கள். பிறகு அதையே விரும்பிக் கேட்டார்கள், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால். 'நமக்கு ஆகாது' என்று ஊர் காட்டிய அதே கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போனாள் ஒருத்தி. தங்கச்சி, வெல்டிங் ஹோல்டரைக் கையில் எடுக்க உனக்கு இன்னும் யாருடைய அனுமதி வேண்டும்?

சரி, சரக்குக்கு எங்கே போவது? காயலான் கடைக்குப் போ. சென்னைக்காரன் என்றால் புதுப்பேட்டைக்கே போ. கியர் பல்சக்கரம், கிராங்க் ஷாஃப்ட், தேய்ந்த பேரிங், சைக்கிள் செயின், வண்டி ரிம், துண்டு விழுந்த முறுக்குக் கம்பி. எடைக்குத்தான் விலை, அழகுக்குக் கடைக்காரர் காசு கேட்பதில்லை. 1942-ல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில், பிக்காசோ ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஒரு ஹேண்டில்பாரையும் சேர்த்து வைத்தார். காளைத் தலை வந்துவிட்டது. இரண்டே சாமான்.

பிக்காசோ வேண்டாம், அவர் பெரிய ஆள் என்கிறாயா? நேக் சந்தைப் பார். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். சண்டிகர் நகரத்தைக் கட்டுவதற்காக இடித்துத் தள்ளிய கிராமங்களின் மிச்சம் மீதியையும், குப்பையில் கிடந்த பீங்கான், வளையல், இரும்பையும் தன் சைக்கிளில் ஏற்றி ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். சைக்கிள் ஃபிரேம் மிருகத்தின் உடம்பாகியது, ஃபோர்க் காலாகியது, சீட் தலையாகியது. 1950களின் கடைசியில் தொடங்கிய வேலை 1975-ல்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. அரசு நிலத்தில் அத்துமீறல்! இடித்திருக்கலாம். ஆனால் பார்க்க வந்த ஜனம் விடவில்லை. 1976-ல் அதையே ராக் கார்டன் என்று திறந்து வைத்தார்கள். 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

ஆனால் அவரைப் போல மறைத்துச் செய்யாதே. உன் திமிங்கிலத்தின் அடியில் பிள்ளைகள் ஓடுவார்கள். தலைமை ஆசிரியரிடம் மனுக் கொடு, பஞ்சாயத்துத் தலைவரைப் பார். 'சிலை வைக்கணும்' என்று போனால் நாற்காலியைக்கூடக் காட்ட மாட்டார்கள். 'சைக்கிள் ஸ்டாண்டு போட்டுத் தர்றேன் சார், இடம் மட்டும் கொடுங்க' என்று போ. நியூயார்க்கில் டேவிட் பைர்ன் என்ற பாடகரை சைக்கிள் ஸ்டாண்டு வடிவமைப்புப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். அவர் தானே சில கிறுக்கல்களையும் வரைந்து அனுப்பினார். 2008-ல் அதிலிருந்து ஒன்பது ஸ்டாண்டுகள் தெருவில் நின்றன: வால் ஸ்ட்ரீட்டில் டாலர் குறி, ஃபிஃப்த் அவென்யூவில் குதிகால் செருப்பு, வில்லியம்ஸ்பர்க்கில் கிட்டார். கலைக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அதற்கு இடமும் கிடைக்கும், காவலும் கிடைக்கும். தன் சைக்கிள் நிற்கும் சிற்பத்தை எவனும் உடைக்க விடமாட்டான்.

உன்னைப் பழைய இரும்போடு ஒப்பிட்டு, 'நீயும் உருகினால் புதிதாவாய்' என்று வசனம் பேச எனக்கு விருப்பமில்லை. நீ இரும்பு இல்லை. இரும்பை ஒட்ட வைக்கிற ஆள். அதனால் ஒட்ட வைக்கிற விஷயத்துக்கு வருவோம்.

முதல் நாள் வெல்டிங் ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டு வராது. பிடுங்குவாய். மறுபடி ஒட்டும். ஆர்க் பிடித்தால் கை நடுங்கும். உலோகம் ஓர் இடத்தில் குவியும், அடுத்த இடத்தில் ஓட்டை விழும். விடாதே. ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் மாறும். விட்டு விட்டு வெடித்தது போய், அப்பளம் பொரிகிற மாதிரி சீராக ஒரு சத்தம் வரும். ராடு நுனிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி உன் கைக்குப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். ஆறியதும் சுத்தியால் தட்டு. மேலே படிந்த கசடு நீளமாக உரிந்து விழும். அடியில் அடுக்கடுக்கான பிறை வரிகளோடு பளபளவென்று ஒட்டு. இப்போது அந்த இரண்டு துண்டையும் வைஸில் மாட்டி, சம்மட்டியால் அடி. வளையட்டும், விடாமல் அடி. ஒட்டு பிரியவில்லை என்றால், அந்த நிமிஷம் உன் நெஞ்சுக்குள் ஒன்று நிமிரும். எந்தக் கண்ணாடியும் அதைக் கொடுத்ததில்லை. தன்னம்பிக்கை வந்தபிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருந்தவர்கள் எல்லாரும் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது வேலையின் அடியில், கசடுக்குக் கீழே கிடக்கிறது. தட்டித்தான் எடுக்க வேண்டும்.

வீராப்பையும் இதையும் குழப்பிக்கொள்ளாதே! கண்ணாடி இல்லாமல் வெல்டு வைப்பதைக் கெத்து என்று நினைப்பவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அன்றிரவு கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட வேதனையில் அவர் புரள்வதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. முகமூடி போடு, தோல் கையுறை போடு, செருப்போடு நிற்காதே. பெட்ரோல் டாங்க், மூடிய டிரம், எண்ணெய் பீப்பாய் எதிலும் நெருப்பு வைக்காதே; காலி என்று நினைப்பாய், உள்ளே ஆவி இருக்கும், வெடிக்கும். ஜி.ஐ. குழாயில் துத்தநாகப் பூச்சு உண்டு. அப்படியே வெல்டு வைத்தால் வெள்ளைப் புகை வரும், அதை இழுத்தால் ராத்திரி குளிர்க் காய்ச்சல் தூக்கிப் போடும். தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வை. லாரிப் பட்டையும் வார்ப்பிரும்பும் பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் கார்பன் அதிகம். சாதாரண ராடில் சூடு ஏற்றாமல் ஒட்டினால் ஆறும்போது விரிசல் விடும். வாலுக்கும் தாடைக்கும் அலங்காரமாக வை. பளு தாங்கும் விலாவுக்கு மைல்டு ஸ்டீல் குழாய் போதும். தெரிந்தவனிடம் கேட்பது அவமானம் இல்லை. உன் தெருமுனைப் பட்டறை அண்ணன் இதையெல்லாம் படிக்காமலே தெரிந்து வைத்திருப்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேள்.

தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்துகொண்டு தொடங்கு. காகிதத்தில் அழகாகத் தெரியும் வளைவு தரையில் வரைந்தால்தான் பல்லைக் காட்டும். முதுகெலும்பு தலை இடிக்காத உயரத்தில் போக வேண்டும், 2.25 மீட்டராவது. கை படும் உயரத்தில் ஒரு கூர்முனைகூட இருக்கக் கூடாது. கிரைண்டர் பிடித்து ஓரம் ஓரமாக மழுக்கு. மழைத்தண்ணீர் தேங்கும் குழிவு இருந்தால் அடியில் துளை போடு. ரெட் ஆக்சைடு அடித்த பிறகு பெயின்ட். கால்களுக்குப் பேஸ் பிளேட் வைத்து, கான்கிரீட்டில் இறக்கிய ஃபவுண்டேஷன் போல்ட்டில் முறுக்கு. சிவில் படித்த ஒருவரிடம் அஸ்திவாரத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கு. பதினான்கு சைக்கிள் சேர்ந்தால் முந்நூறு கிலோவை ஒட்டி வரும். அது ஒரு பளுவே இல்லை. மதிய இடைவேளையில் இருபது பையன்கள் முதுகில் ஏறி ஆட்டுவார்களே, அதுதான் பளு. அதற்குக் கட்டு.

கட்டி முடித்ததும் திறப்பு விழாவுக்கு அவசரப்படாதே. முதலில் மணல் மூட்டைகளைத் தரையை ஒட்டித் தொங்கும்படி கட்டிப் பளு ஏற்று. அது தாங்கினால், வடக்கயிறு கொண்டு வா. ஒரு பக்கம் செயின் பிளாக் மாட்டு. யார் யார் 'இவன் எங்கே செய்யப்போறான்' என்று டீக்கடையில் பேசினார்களோ, அவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடு. தள்ளி நின்று இழுக்கச் சொல். எந்த ஒட்டாவது 'டிக்' என்று விட்டால், அவர்கள் முன்னாலேயே குறித்துக்கொள், அறு, திரும்ப வை. மறுபடி கூப்பிடு.

உலோகத்தை ஒட்டிச் சிற்பம் செய்வது வெளிநாட்டு வேலை என்று யாராவது சொன்னால், சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் சிற்பி எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டு வைத்து என்ன செய்தார் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல். வாதம் பண்ணிக்கொண்டு நிற்காதே, உனக்கு நேரம் இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை என்றால் காயலான் கடையை மதியத்தோடு சாத்திவிடுவார்கள். சாக்கும் டேப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பு. விலாவுக்கு ஏற்ற குழாயாக முதலில் பொறுக்கு. கண்ணுக்கு எந்த பேரிங் பொருந்தும் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.