தவறிய முறை யாருக்குச் சொந்தம்?



வேலணைத் தீவில் சரவணை என்னும் ஊரைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். அறியாதவர்களும் அதன் அயலூர்களான நாரந்தனை, கரம்பன், சுருவில் என்பவற்றையாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. அதைத்தான் நல்ல தண்ணீர் என்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். ஒருவரின் அவசரம் அயல் வளவுக் கிணற்றையும் கெடுத்துவிடும்.

இத்தகைய மண்ணில் பங்குக் கிணறு ஒரு சிறிய அரசாங்கம் போன்றது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றில் இன்ன பங்கு, வாய்க்கால் வழி உரிமை என்று எழுதியிருப்பதைத் தாங்களே வாசித்திருப்பீர்கள். பங்குக்காரர் ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை உண்டு. துலா மிதித்த காலத்திலும் இருந்தது. மண்ணெண்ணெய் இயந்திரம் வந்த பின்பும் இருந்தது.

இப்பொழுது ஒரு கேள்வி. நான்கு பங்குக்காரர் உள்ள ஒரு கிணற்றில் ஒருவருக்குச் செவ்வாய் முறை என்று வைத்துக்கொள்வோம். அன்று உறவில் ஒரு செத்தவீடு, இறைக்க முடியவில்லை. புதன்கிழமை வந்ததும் அவர் என்ன செய்யலாம்? விட்டுப்போன செவ்வாயைப் புதனில் எடுத்துக்கொள்ளலாமா? முடியாது, வாசகரே. புதன் வேறொருவருடையது. புதன்காரர் மனமிரங்கி விட்டுக்கொடுத்தால் அது அவருடைய தயவு. உரிமை என்று கேட்க இடமில்லை. தவறிய முறை தவறியதே.

ஆனால் எல்லாக் கடமையும் இப்படியல்ல. வேலி அடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் இரண்டு மாதம் பிந்தி அடைத்தால், அடுத்த அடைப்பும் அதற்கேற்பப் பிந்தலாம். கிடுகுக்குக் கலண்டர் தெரியாது. அது கட்டிய நாளிலிருந்துதான் உக்கத் தொடங்குகிறது. கிணறு இறைத்துச் சேறு எடுப்பதோ மூன்றாவது வகை. போன தடவை எப்போது எடுத்தோம் என்பது பெரிதல்ல. ஐப்பசி மழைக்கு முன், நீர் அடியில் கிடக்கும்போது எடுக்க வேண்டும். அந்தக் காலம் போனால் ஒரு வருடம் போயிற்று.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் வேலைப் பட்டியல் வைக்கும் செயலிகள் இருக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் வேலையை ஒருமுறை எழுதிவிட்டால் போதும். உரிய நாளில் அது மணியடித்து நினைவூட்டும். செய்து முடித்தால் ஒரு சரி அடையாளம் போடலாம். செய்யாவிட்டால் சிவப்பில் நிற்கும். சில செயலிகள், குறித்த நாளிலிருந்து எண்ணவா, முடித்த நாளிலிருந்து எண்ணவா என்றுகூடக் கேட்கின்றன. நம்மில் பலர் அதை ஒரு பொறியியல் விஷயமாக நினைத்துத் தட்டிவிட்டுப் போகிறோம். அது அறநெறிக் கேள்வி. இந்த நாள் என்னுடையதா, மற்றவருடையதா என்று அது கேட்கிறது.

தீவகத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. பலர் திரும்பவில்லை. இன்று மகன் ரொறன்ரோவில், தாய் ஊரில் என்று இருக்கும் வீடுகள் அநேகம். மகன் தன் பட்டியலில் ‘அம்மாவுக்குப் போன், சனி இரவு ஒன்பது மணி’ என்று எழுதி வைத்திருக்கிறான் என்று கொள்வோம். கோடையில் அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே ஞாயிறு காலை ஆறரை. தாய் தேநீர்க் கோப்பையோடு காத்திருப்பாள். நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்வைப்பார்கள். அதன் பின் அதே ஒன்பது மணி இங்கே ஏழரை ஆகிவிடும். தாய் பூசையில் இருப்பாள். தொலைபேசி வெறும் வீட்டில் அடித்து ஓயும். மகனோ எடுத்தேன், அம்மா பேசவில்லை என்று சரி அடையாளம் போட்டுவிடுவான். பட்டியலின்படி அவன் குற்றமற்றவன்!

பாசத்தைப் பட்டியலில் போடுவதே பிழை என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். நினைவு வந்தபோது எடுப்பதுதான் உண்மைப் பாசமாம். எமக்கு அதில் உடன்பாடில்லை. நினைவு வந்தபோது தண்ணீர் இறைக்கலாம் என்று பங்குக் கிணற்றில் யாராவது சொன்னால் என்ன நடக்கும்? பலமுள்ளவனுக்கு அடிக்கடி நினைவு வரும். விதவையின் தோட்டம் காயும். குறித்த நாள் என்பது காத்திருப்பவருக்குக் கொடுத்த வாக்கு. காத்திருப்பவரின் கடிகாரத்தைப் பாராமல் குறித்ததே அந்த மகனின் பட்டியலில் உள்ள கோளாறு.

சரி, இரண்டு கடமைகள் ஒரே நாளில் மோதினால்? இங்கே நம் திருச்சபையின் கலண்டர் ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. 1969 இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வழிபாட்டு ஆண்டின் ஒழுங்குகளைத் திருத்தியபோது, எந்த நாள் எதற்கு முன் என்ற வரிசையும் அதோடு வந்தது. மங்கள வார்த்தைத் திருநாள் மார்ச் 25. அது 2024 இல் பெரிய வாரத்துத் திங்கட்கிழமையில் விழுந்தது. ஆகவே ஏப்ரல் 8 க்குப் போயிற்று. 2008 இலோ பெரிய வாரத்தில் விழுந்த புனித சூசையப்பர் திருநாளை முன்னே இழுத்து மார்ச் 15 இல் கொண்டாடினோம். பெருவிழாவென்றால் இடம் மாற்றுவார்கள், கைவிடமாட்டார்கள். ஆனால் சிறிய நினைவு நாட்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 2021 ஜூன் 13 ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆண்டுக் கலண்டரில் அந்தோனியார் நினைவு இல்லை. திங்கட்கிழமைக்குத் தள்ளவும் இல்லை.

இதில் எம்மை ஈர்ப்பது ஒன்று. மோதல் வந்த பிறகு யாரும் கூடியிருந்து வாதாடவில்லை. தரம் முன்கூட்டியே தீர்ந்திருந்தது. கைத்தொலைபேசிப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் ‘மிக முக்கியம்’ என்று சிவப்புக் கொடி போடுகிறவர் இதைச் செய்யவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் காலையில் புதிதாக வழக்குப் பேச வேண்டியிருக்கிறது. வழக்கில் வெல்வது எப்போதும் உரத்துக் கத்தும் வேலைதான். மின்சாரப் பட்டியல் கத்தும். படுக்கையில் கிடக்கும் பெரியம்மா கத்தமாட்டா.

அப்படியானால் சிறியவை என்றைக்கும் தோற்கவேண்டியதுதானா என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கலண்டரிலேயே அதற்கும் வழி உண்டு. அந்தோனியாரைப் பாதுகாவலராகக் கொண்ட கோயிலில் அதே ஜூன் 13 பெருவிழா ஆகிவிடும். சாதாரண ஞாயிற்றையும் வென்றுவிடும். கச்சதீவிலோ அவருடைய திருவிழாவே ஜூனில் அல்ல. வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் எழுமுன், மாசி பங்குனியில்தான் வள்ளங்கள் அங்கே கூடுகின்றன. உலகம் முழுவதற்கும் சிறியதாயுள்ள ஒன்று ஓர் ஊருக்குப் பெரியதாக இருக்கலாம். பெரியம்மாவைப் பார்க்கப் போகும் வெள்ளிக்கிழமையை ஒரு குடும்பம் தன் பெருவிழாவாக உயர்த்தி வைத்தால், அதை எந்தக் கந்தோர் வேலையும் தள்ளமுடியாது. தள்ள நேர்ந்தாலும் இன்னொரு நாளுக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். மற்றவற்றில் சில விடுபடட்டும். விட்டதை எல்லாம் சேர்த்து வைத்து, மூன்று நாள் செய்யாத தேகாப்பியாசத்தை நாலாம் நாள் நாலு மடங்காகச் செய்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் மனிதரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்!

தவறிய வேலைக்கு மனம் வருந்துவதிலும் ஒரு வேறுபாடு உண்டென்று நினைக்கிறோம். விட்டது எனக்கு மட்டும் சொந்தமான நாள் என்றால், அழித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். மற்றவருக்குச் சொந்தமான நாள் என்றால் சிவப்பு எழுத்தை அழிப்பதால் கணக்குத் தீராது. அவரிடம் போய்ச் சொல்லவேண்டும். செவ்வாய்க்காரர் புதன்காரரின் படலையைத் தட்டியே ஆகவேண்டியிருந்ததுபோல.

இனி ஒரு விஷயம். இந்தப் பட்டியல்களைப் புரட்டிப் பார்த்தால் அதிகமாகத் திரும்பி வரும் வேலைகள் அவற்றில் இல்லாததைக் காண்பீர்கள். விடிய எழும்பி முற்றம் கூட்டுதல், குடத்தில் நல்ல தண்ணீர் எடுத்து வைத்தல், அடுப்பு மூட்டுதல், பிள்ளையின் சட்டையைத் தோய்த்துக் காயவிடுதல், மாமியாரின் மருந்து எத்தனை குளிசை மிச்சம் என்று எண்ணுதல். இவற்றுக்கு மணி அடிப்பதில்லை. சரி அடையாளமும் இல்லை. ஒரு பெண்ணின் தலைக்குள் அந்தப் பட்டியல் முழுவதும் இருக்கிறது. பங்குக் கிணற்றில் நாலு பேருக்கு முறை வகுத்த நம்மவர்கள், அடுப்படியில் முறை வகுக்க ஏனோ நினைக்கவில்லை. அந்த வீட்டம்மா இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால், மூன்றாம் நாட் காலையில் மற்றவர்கள் குசினிக்குள் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்: சீனி எங்கே, மருந்து எத்தனை மணிக்கு, பால்காரருக்குக் காசு கொடுத்தாயிற்றா? அவ படுக்கையில் கிடந்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பா.