முதுமை கேட்கும் துணை

"வயது போன காலத்தில் இவளுக்கு ஏன் ஊர் சுற்றல்? எதற்கு ஒரு துணை?" — துணையை இழந்த முதியவளைப் பார்த்து உலகம் கேட்கும் கேள்வி இது. மனைவியை இழந்த கிழவர் மறுமணம் புரிந்தால், "பாவம், கஞ்சி காய்ச்ச ஆள் வேண்டாமா?" என்று பரிந்து பேசுவதும் இதே உலகந்தான்! இழந்த துணையும் பெண், தேடும் துணையும் பெண் என்றாலோ, கேள்வி ஏளனமாகிறது, ஏளனம் வசையாகிறது. வசை வாதமாகாது, தோழர்களே! ஆகவே வாதத்துக்கு வருவோம்.

அமெரிக்க நாட்டு எடித் வின்சரின் வாழ்வைப் பாருங்கள். 1963-இல் நியூயார்க்கில் தியா ஸ்பையர் என்ற உளவியலாளரைச் சந்தித்தார். 1967-இல் இருவரும் மண உறுதி செய்துகொண்டனர். மோதிரம் அணிந்தால், "மாப்பிள்ளை யார்?" என்று அலுவலகத்தார் கேட்பரே! எனவே, மோதிரத்துக்குப் பதில் வைரப் பதக்க ஊசி. பின்னர் தியாவை நரம்பு நோய் முடக்கியது, எடித் பேணினார். நாற்பதாண்டு காத்திருந்து, 2007-இல் கனடாவின் டொராண்டோவுக்குப் பறந்து சென்று மணந்தனர். சொந்த ஊர் மறுத்ததை அயல்நாடு அளித்தது!

2009-இல் தியா மறைந்தார். நியூயார்க் மாநிலம் அவர்கள் திருமணத்தை ஏற்றது. நடுவண் அரசோ, 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, எடித்தை மனைவியாகக் கருத மறுத்து, 3,63,053 டாலர் சொத்து வரி வாங்கியது. ஆணை மணந்த கைம்பெண்ணாயின் அந்த வரி இல்லை. கண்ணீருக்கும் சாதி பார்த்தது சட்டம்! எடித் வழக்காடினார், 2013 ஜூன் 26-இல் உச்சநீதிமன்றத்தில் வென்றார். 2016-இல், தம் 87-ஆம் வயதில், மற்றொரு பெண்மணியை மணந்தார். மறு ஆண்டு மறைந்தார்.

இரண்டாம் அன்பு முதல் அன்புக்குச் செய்த துரோகமா? அல்ல. வெறுமையில் வாடுவதுதான் விசுவாசம் என்பது, தலையை மழித்து மூலையில் உட்கார வைத்தவர்களின் அறநூல், நமதன்று.

"மகப்பேறு தராத உறவு இயற்கைக்கு மாறானது" என்பர். அங்ஙனமாயின், எழுபது வயதுக் கிழவரின் மறுமணத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதை வாழ்த்தும்போதே, மணத்தின் பொருள் பிள்ளை அல்ல, துணை என்று ஒப்புக்கொண்டு விட்டோம். ஒப்புக்கொண்ட பின், இவளுக்கு மட்டும் கதவடைப்பது எந்த நீதி?

1973-இல் பெண்களின் இசைத்தட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஒலிவியா, 1990-இல் பெண்ணை நேசிக்கும் பெண்களுக்கெனக் கப்பல் பயணம் நடத்தத் தொடங்கியது. அத்தகைய கப்பலில் ஏறும் முதியவள் காண்பது கடலை மட்டுமன்று. இழந்த துணையை 'தோழி' என்று மழுப்பாமல், 'என் மனைவி' என்று சொல்லி அழக்கூடிய ஓர் இடத்தைக் காண்கிறாள். நன்று! ஆனால், அந்த இன்பமே கரைமீது சாட்டும் குற்றச்சாட்டு. கடலில் ஒரு வாரம் தானாக வாழ்பவள், கரையில் மற்ற வாரங்களில் யாராக வாழ்கிறாள்? பயணச்சீட்டு வாங்கப் பணமில்லாத ஏழைப் பெண் எங்கே போவாள்? சீட்டு வாங்கினால் மட்டுமே கிட்டுவது உரிமையன்று, சரக்கு!

நமக்கென்ன இதில் என்கிறீர்களா? 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் கைம்பெண் மறுமணத்துக்காகக் குரல் கொடுத்த மரபு நம்முடையது. புரோகிதரின்றி மணந்தவர்களைச் சட்டம் தம்பதியராக ஏற்க, 1967-இல் அண்ணா அரசு திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதுவரை அவர்கள் வாழ்ந்தது வாழ்வல்லவா? வாழ்வு முன்னே நடந்தது. சட்டம் பின்னே வந்தது. 2018-இல் நம் உச்சநீதிமன்றம் ஒருபாலன்பு குற்றமன்று என்றது. 2023-இல், அதற்கு மணவுரிமை வழங்க மறுத்தது. மீண்டும் சட்டம் பின்தங்கி நிற்கிறது.

நாம் பின்தங்கலாமா? ஊரை விட்டு ஓடித்தான் உறவு காண வேண்டும் என்ற நிலை, ஓடுபவளின் குறையன்று, ஊரின் குறை. உலகம் சுற்ற விரும்பும் முதியவள் சுற்றட்டும், மகிழட்டும்! ஆனால், அவள் திரும்பி வரும் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும்படி அந்தத் தெருவைத் திருத்துவது, பகுத்தறிவு பேசும் நம் வேலை.